கடலைக்காய்க் குடுவை: பெருவில் எட்டு நாள்

நாள் 1: லீமா

ஜூலை மாதத்து லீமாவில் வெயில் கிடையாது, மழையும் கிடையாது. கடலில் இருந்து ஏறி வரும் பனிமூட்டம் நாள் முழுக்க ஊர்மேல் படுத்துக் கிடக்கிறது. விடுதியில் பைகளைப் போட்டுவிட்டு நானும் அக்காவும் நேராக புவெப்லோ லீப்ரே பக்கம் வண்டி பிடித்தோம். பயணக் களைப்பு தீரவில்லைதான். ஆனால் நாங்கள் இவ்வளவு தூரம் வந்ததே அங்கே இருக்கும் லார்கோ அருங்காட்சியகத்துக்காக.

நான் பல வருடமாக வார இறுதிகளில் ஒரு குயவர் தாத்தாவிடம் மண் பிசைந்து பழகுகிறவள். சக்கரத்தின் நடுவில் மண்ணை ஆடாமல் நிறுத்தவே எனக்கு ஆறு மாதம் ஆனது. ஆண்டிஸ் மலை நாட்டில் ஸ்பானியர் வரும்வரை குயவர் சக்கரமே இல்லை, ஆனாலும் உலகத்தின் மிக நேர்த்தியான பானைகளில் சில அங்கேதான் பிறந்தன என்று தாத்தாவிடம் சொன்னேன். "சக்கரம் இல்லாம எப்படி வட்டம் வந்துச்சு? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லும்மா" என்றார். அவருக்குச் சொல்லத்தான் தினமும் இதை எழுதுகிறேன்.

அருங்காட்சியகம் 18ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றில் இருக்கிறது. அந்த மாளிகை நிற்பது 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மண் பிரமிடு ஒன்றின் மேல். வெள்ளைச் சுவர்களில் கொத்துக் கொத்தாகக் காகிதப்பூ. ரஃபேல் லார்கோ ஹொய்லே 1926 ஜூலை 28 அன்று, வடக்கே சிக்லீன் என்ற தம் குடும்பத்துக் கரும்புப் பண்ணையில் இதைத் தொடங்கினார். பிறகுதான் லீமாவுக்கு இடம் மாறியது. இன்று ஏறக்குறைய 45,000 பொருட்கள் இருக்கின்றன. பெரும்பகுதி மண்பாண்டம்.

மோச்சே மக்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், இனி வரும் நாட்களெல்லாம் அவர்களோடுதான். பெருவின் வட கடற்கரை முழுப் பாலைவனம். மலையில் இருந்து இறங்கும் ஆறுகள் கடலில் விழுவதற்கு முன் ஓடுகிற பள்ளத்தாக்குகள் மட்டும் பச்சை. அங்கே வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்து, ஏறத்தாழ கி.பி. 100 முதல் 800 வரை வாழ்ந்தவர்கள் மோச்சேக்கள். இன்காக்கள் பேரரசு கட்டியதற்கு 600 ஆண்டு முந்தியவர்கள். எழுத்து வைத்திருக்கவில்லை. அவர்கள் என்ன தின்றார்கள், யாரைக் கும்பிட்டார்கள், யாரைக் கொன்றார்கள் என்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு பானைகள் சொன்னதுதான்.

முதல் கூடத்தில் அக்கா ஒரு பெட்டியின் முன்னால் நின்றுவிட்டாள். கண்ணாடிக்குள் ஒரு கடலைக்காய். உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிய கடலைக்காய், இடுப்பில் லேசாகச் சிறுத்து, தோட்டின் மேல் ஓடும் வலைக்கோடு ஒன்றுகூட விடாமல், செங்காவி நிற மண்ணில். பக்கத்தில் மரவள்ளிக்கிழங்குக் குடுவை. அதற்கடுத்து மிளகாய், பூசணி, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு. "இதெல்லாம் நம்ம அடுப்படிடி" என்றாள். உண்மைதான். கடலையும் மிளகாயும் மரவள்ளியும் உருளையும் இந்தக் கண்டத்தில் இருந்து கப்பல் ஏறி நம்மிடம் வந்து ஐந்நூறு ஆண்டு ஆகவில்லை. இந்தக் குடுவை செய்யப்பட்டபோது தமிழ்நாட்டில் யாரும் மிளகாயைக் கண்டிருக்கவே முடியாது. நாம் தினமும் கையில் எடுக்கிற ஒரு பொருளை, அதை முதலில் பயிரிட்டவர்கள் எவ்வளவு மரியாதையோடு பார்த்தார்கள் என்று நேரில் காண்கிறபோது மனசு நெகிழ்ந்துபோனது.

எல்லாக் குடுவைகளுக்கும் ஒரே மாதிரி வாய். உடம்பின் மேலிருந்து இரண்டு குழாய்கள் வில்லாக வளைந்து உச்சியில் சேர்ந்து, ஒற்றைக் கழுத்தாக மேலே போகும். குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் அங்கவடி போல இருப்பதால் 'அங்கவடிக் குடுவை' என்று ஐரோப்பியர் பெயர் வைத்தார்கள். மோச்சேக்கள் குதிரையையே பார்த்ததில்லை. அந்த வளைவைக் கைப்பிடியாகப் பிடிக்கலாம், கயிறு கட்டித் தூக்கலாம். சாய்த்தால் ஒரு குழாயில் நீர் வரும்போது மற்றதில் காற்று உள்ளே போகும். நீர் தடங்கலில்லாமல் வழியும். இந்த வடிவம் மோச்சேக்களுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இதே கடற்கரையில் வாழ்ந்த குப்பிஸ்னிக்கே மக்களிடம் இருந்தது. லார்கோ இந்தக் கழுத்தும் வளைவும் மாறிவந்த விதத்தை வைத்தே மோச்சே காலத்தை ஐந்து கட்டமாகப் பிரித்தார். வாய் விளிம்பின் தடிப்பைப் பார்த்து நூற்றாண்டைச் சொல்வார்களாம்.

நாள் 2: லீமா, மறுபடியும் லார்கோ

இன்று காட்சிக் கூடத்துக்குப் போகவில்லை. கிடங்குக்குப் போனோம். மற்ற ஊர்களில் பூட்டி வைக்கும் சேமிப்பு அறையை இங்கே எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். தரையில் இருந்து கூரை வரை கண்ணாடி அலமாரி, வரிசை வரிசையாக, நடக்க ஒரு சந்து. பொருள்வாரியாக அடுக்கியிருக்கிறார்கள். ஆந்தைகள் ஒரு பக்கம், தேரைகள் ஒரு பக்கம், கடற்சிங்கம், நண்டு, வாத்து, நரி, பழங்கள், நோயாளிகள், கைதிகள்.

முதல் ஒரு மணி நேரம் ஒரு கிராமத்துக்குள் நுழைந்தது போலத்தான் இருந்தது. குனிந்து தலைமுடி அலசும் ஒருவர். முதுகில் குடம் சுமந்து, கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு நடப்பவர். பிள்ளை பெறும் பெண். பின்னால் இருந்து ஒருத்தி கட்டிப் பிடித்திருக்க, முன்னால் மருத்துவச்சி குழந்தையின் தலையைக் கையில் வாங்குகிறாள். கண் தெரியாத பாடகர், மடியில் மத்தளம். உதடு பிளந்து பிறந்தவர். கோக்கா இலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, சுண்ணாம்புக் குடுக்கையில் குச்சியை விட்டு எடுப்பவர். நம் ஊரில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுக்கிற அதே விரல் பழக்கம்.

முகங்களின் அலமாரி வந்தது. வகைக்கு ஒரு முகம் என்று இல்லாமல், தனித்தனி ஆட்களின் முகம். ஒருவருக்குக் கண்ணோரச் சுருக்கம், ஒருவருக்கு இறுகிய தாடை, ஒருவர் சிரிப்பை அடக்குகிறார். இந்த முகக் குடுவைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த கிறிஸ்டோபர் டானன், மேலுதட்டில் தழும்புள்ள ஒரே மனிதரை நாற்பதுக்கும் மேற்பட்ட குடுவைகளில் அடையாளம் கண்டார். சுமார் பத்து வயதுப் பையனாக, இளைஞனாக, முப்பது கடந்த ஆளாக. ஒருவரின் ஆயுள் முழுவதையும் குயவர்கள் கூடவே நடந்து பதிவு செய்திருக்கிறார்கள்.

செய்முறை இதுதான், தாத்தாவுக்காக எழுதுகிறேன். முதலில் கெட்டி மண்ணில் ஒரு மூல உருவம். அதன்மேல் மண்ணை அப்பி, இரண்டு பாதியாக வெட்டி எடுத்துச் சுட்டால் அச்சு. அச்சின் ஒவ்வொரு பாதியிலும் மெல்லிய மண்ணை விரலால் அழுத்திப் பதித்து, இரண்டையும் ஒட்டி, தையலை வழித்துவிடுவார்கள். மேலே இருக்கும் வளைகுழாயை ஒரு குச்சியைச் சுற்றி உருட்டி, உருவி, வளைத்து ஒட்டுவார்கள். பிறகு வெள்ளை மண்குழம்பு, செங்காவிக் குழம்பு. காய்ந்ததும் கூழாங்கல்லால் மெருகு. வட்டம் எப்படி வந்தது என்றால், தாத்தா, அச்சில் இருந்து வந்தது. கண்ணும் கையும்தான் சக்கரம்.

மதியத்துக்கு மேல் இந்தக் கிராமம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு முகம் காட்டத் தொடங்கியது. ஒரு தேரை, அதன் முதுகில் மரவள்ளிச் செடி முளைத்திருக்கிறது. தேரை கத்தினால் மழை வரும், மழை வந்தால் கிழங்கு விளையும் என்ற எண்ணம் ஓர் உடம்புக்குள் அடங்கியிருக்கிறது. ஒரு உருளைக்கிழங்கு, அதன் முளைக்கண்கள் இருக்கும் இடத்தில் மனிதக் கண்கள் விழித்துப் பார்க்கின்றன. மக்காச்சோளக் கதிரின் உள்ளிருந்து கோரைப்பல் தெய்வத்தின் தலை எட்டிப் பார்க்கிறது. ஐ அபேக் என்று லார்கோ பெயர் சூட்டிய தெய்வம் அது. அப்புறம், எலும்புக்கூடுகள் குழல் ஊதுகின்றன, மத்தளம் அடிக்கின்றன, கைகோத்து ஆடுகின்றன. காமக் காட்சிக் குடுவைகளுக்குத் தோட்டத்தின் மறுபக்கம் தனிக் கூடம் உண்டு. அங்கேயும் உயிருள்ளவரைத் தழுவிக்கொண்டு எலும்புக்கூடு உட்கார்ந்திருக்கிறது.

ஒரு குடுவையில் கோட்டோவியம். கால் முளைத்த அவரைகள் கையில் கதாயுதம் தூக்கிப் போருக்கு ஓடுகின்றன. அக்கா கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். "இது டபுள் பீன்ஸ். புள்ளியைப் பாரு, அதேதான்." அவள் சொன்னது சரி. ஆங்கிலத்தில் அந்தப் பயறுக்குப் பெயரே லீமா அவரை. இந்த ஊர்ப் பெயர். மோச்சே ஓவியங்களில் ஓட்டக்காரர்கள் சிறு பைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மணல்மேட்டின் மேல் ஓடுவார்கள், சுற்றிலும் புள்ளியும் கோடும் போட்ட அவரைகள் மிதக்கும். அந்தப் புள்ளிகளே ஒருவகை எழுத்து என்று லார்கோ வாதிட்டார். பின்னால் வந்த ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எனக்கு லார்கோமேல் பிரியம் கூடியது. ஒரு பயற்றங்கொட்டையின் புள்ளியை அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறார்.

வெளியே வரும்போது வழிகாட்டிப் பெண் ஒரு சொல் சொல்லிக்கொடுத்தார். 'வாக்கா' என்றால் புனிதமான இடம், பழைய மக்கள் கட்டிய மண்கோயில். அங்கிருந்து கிடைக்கும் பானை 'வாக்கோ'. அதைத் தோண்டித் திருடுகிறவன் 'வாக்கேரோ'. கெச்சுவா மொழியின் ஒரே வேர்ச்சொல் ஸ்பானியத்துக்குள் போய் மூன்றாகக் கிளைத்திருக்கிறது. இவ்வளவு குடுவைகளும் உடையாமல் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், இவை கல்லறைகளில் வைக்கப்பட்டவை. இவற்றில் மிகப் பல எந்தக் கல்லறையில், யார் தலைமாட்டில், எந்தப் பானைக்குப் பக்கத்தில் இருந்தன என்பதற்குப் பதிவே இல்லை.

முடி அலசும் அந்த மனிதரை இப்போது எப்படிப் பார்ப்பது? அன்றாடம் என்று நினைத்தேன். ஆனால் யாரோ ஒருவருடைய சாவுக்கு அவரை உடன் அனுப்பியிருக்கிறார்கள்.

நாள் 3: பேருந்து

லீமாவில் இருந்து த்ருஹியோ சுமார் 560 கிலோமீட்டர். இரவுப் பேருந்து. விடியும்போது ஜன்னலில் மணல், மணலுக்குப் பின் கடல், திடீரென்று ஒரு கரும்புத் தோட்டம், மறுபடி மணல். எழுத வேறொன்றும் இல்லை. தூங்கினோம்.

நாள் 4: வாக்கா தெ லா லூனா

த்ருஹியோவுக்கு வெளியே செர்ரோ பிளாங்கோ என்ற வெள்ளைக் குன்று. அதன் அடியில் நிலாக் கோயில். அரை கிலோமீட்டர் தள்ளி எதிரே சூரியக் கோயில். இரண்டு பெயருமே ஸ்பானியர் வைத்தது. சூரியக் கோயிலின் பெரும்பகுதியை, புதையலுக்காக மோச்சே ஆற்றையே திருப்பிவிட்டு, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரைத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பதே ஒரு குன்றளவு.

நிலாக் கோயிலில் 1991 முதல் சந்தியாகோ உசேதாவும் ரிக்கார்தோ மொராலெஸும் அகழ்வும் பராமரிப்பும் நடத்தினார்கள். பழைய கோயிலைச் சுடாத பச்சைச் செங்கல்லால் நிரப்பி மூடிவிட்டு, அதன்மேலேயே இன்னும் பெரிய கோயில். இப்படிப் பல முறை. உள்ளே மூடப்பட்ட சுவர்களில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு இன்றும் அப்படியே. பிதுங்கிய கண், கோரைப்பல், சுருண்ட அலைமுடி கொண்ட தெய்வ முகம் சதுரம் சதுரமாகத் திரும்பத் திரும்ப வருகிறது. லீமாவில் சோளக்கதிருக்குள் பார்த்த குடும்பத்து முகம்தான் இது.

வடக்கு முகப்பின் அடிவரிசையில், வென்ற வீரர்கள் கைதிகளை நடத்திப் போகிறார்கள். கைதிகளுக்கு உடை இல்லை, கழுத்தில் கயிறு. அதே காட்சியைக் குடுவைகளில் பார்த்திருந்தேன். தலைப்பாகையும் காதணியும் பறிக்கப்பட்டு, கை பின்னால் கட்டப்பட்டு உட்கார்ந்திருக்கும் உருவங்கள். முகக் குடுவையில் அலங்காரத்தோடு பார்த்த சில முகங்கள், இன்னொரு குடுவையில் கயிற்றோடு வருவதை டானன் காட்டியிருக்கிறார். மரியாதையோடு வனைந்த அதே கைகள்தான் அந்த மனிதரின் கடைசி நாளையும் வனைந்திருக்கின்றன.

குன்றின் பாறையை ஒட்டிய முற்றத்தில், 1990களில் ஸ்டீவ் பூர்ஜே எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்களின் எலும்புகளைக் கண்டார். பலியிடப்பட்டவர்கள். சிலர் ஈரச் சேற்றில் புதைந்திருந்தார்கள். மழையே இல்லாத இந்தப் பாலையில் சேறு வருவது எல் நீன்யோ பெருமழை கொட்டும்போது மட்டும். எலும்புகளோடு, சுடாத களிமண்ணில் செய்த உருவங்களும் கிடைத்தன. கால் மடித்து உட்கார்ந்த, கழுத்தில் கயிறுள்ள ஆண்கள். ஒவ்வொன்றும் வேண்டுமென்றே உடைக்கப்பட்டிருந்தது.

வழிகாட்டி இதைச் சொல்லி முடித்தபின் நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. மண்ணால் செய்ததையும் மனிதனையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் உடைத்திருக்கிறார்கள். முதுகில் மரவள்ளி முளைத்த அந்தத் தேரை இங்கே நினைவுக்கு வந்தது. மழை அவர்களுக்கு வரமாகவும் வந்திருக்கிறது, வாய்க்கால்களை அடித்துக்கொண்டு போகும் கேடாகவும் வந்திருக்கிறது.

இரண்டு கோயிலுக்கும் நடுவே ஊர் இருந்தது. தெருக்கள், அடுப்படிகள், சேமிப்பு அறைகள். அங்கே ஒரு குயவர் பட்டறையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அச்சுகளும் வேலைக் கருவிகளும் கிடைத்த இடம். கோயிலைவிட என் கால் அங்கேதான் அதிக நேரம் நின்றது. இன்னொரு செய்தி எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது: நேர்த்தியான குடுவைகளின் உடைசல் கல்லறைகளில் மட்டுமல்லாமல், இந்த வீடுகளிலும், கரிபிடித்த சமையல் பானை ஓடுகளோடு கலந்து கிடைத்திருக்கிறது. ஆக அந்தக் குடுவைகள் வீட்டிலும் இருந்திருக்கின்றன. யாரோ கையில் எடுத்திருக்கிறார்கள், ஊற்றியிருக்கிறார்கள், ஒரு குழந்தை தட்டிவிட்டும் இருக்கலாம்.

வாசலில் முடியே இல்லாத கறுப்பு நாய் ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பெருவின் நாட்டு நாய் இனம். இதுவும் பழைய பானைகளில் இருக்கிறது.

நாள் 5: வான்சாக்கோ, சான் சான்

த்ருஹியோவுக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவர் ஊர் வான்சாக்கோ. கோரையைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துக் கட்டிய ஒல்லிப் படகுகளைக் கடற்கரை நெடுக நிறுத்திவைத்திருக்கிறார்கள், முனை வானத்தைப் பார்த்தபடி. ஒருவர் படகின் மேல் மண்டியிட்டு, பிளந்த மூங்கிலைத் துடுப்பாக்கி அலையைத் தாண்டினார். மோச்சேக் குடுவைகளில் இதே படகு, இதே மண்டியிட்ட இருப்பு. ஒரே வித்தியாசம், குடுவையில் சில சமயம் படகுக்கே தலையும் காலும் முளைத்திருக்கும், அதில் போகிறவர் கோரைப்பல் தெய்வமாக இருப்பார். அந்த மீனவரைப் பார்த்த பிறகு எனக்கு அது விசித்திரமாகத் தோன்றவில்லை. அலைமேல் ஏறும்போது அந்தப் படகு உண்மையாகவே ஓர் உயிர் போலத் துள்ளுகிறது.

மாலையில் சான் சான். மோச்சேக்களுக்குப் பின் இந்தக் கடற்கரையை ஆண்ட சிமூக்களின் மண் நகரம். அவர்கள் பானை கறுப்பு. சூளையில் தீ முற்றும் நேரத்தில் காற்றுப் போக்கை அடைத்துப் புகையை உள்ளேயே தேக்கினால் மண் கறுக்கும். நம் கறுப்புச் சட்டியின் ரகசியமும் இதுதான், தாத்தாவிடம் விளக்க வேண்டியதில்லை. எனக்கு அங்கே பிடித்தது சீழ்க்கைக் குடுவை. இரண்டு குடுவைகளை ஒரு குழாயால் இணைத்து, ஒன்றின் தலையில் சிறு ஊதல் வைத்திருக்கிறார்கள். உள்ளே நீர் விட்டு முன்னும் பின்னும் சாய்த்தால் நீர் காற்றைத் தள்ளும். குடுவையின் மேல் உட்கார்ந்திருக்கும் பறவை கூவும். ஒலிப்பதிவைக் காதில் வைத்துக் கேட்டோம். அக்கா மூன்று முறை கேட்டாள்.

நாள் 6: லம்பயேக்கே

வடக்கே சுமார் 200 கிலோமீட்டர். வழியில் செப்பேனைத் தாண்டியதும், சாலையோரமாகவே சான் ஹோசே தெ மோரோ. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

1970களில் டானன் மோச்சேக் கோட்டோவியங்களைப் படம் எடுத்துத் தொகுத்துக்கொண்டிருந்தார். உருண்ட குடுவையின் மேல் சுற்றி ஓடும் ஓவியத்தைக் காகிதத்தில் விரித்து வரைந்தால்தான் முழுக் கதை தெரியும். அந்த வேலையைப் பெருமளவு செய்தவர் டானா மக்லெலண்ட். அப்படி விரித்தபோது ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்தது. கைதிகளின் கழுத்தை அறுக்கிறார்கள், ரத்தத்தை ஒரு நீண்ட கோப்பையில் பிடிக்கிறார்கள், அந்தக் கோப்பை கைமாறி ஒரு பெரிய உருவத்திடம் போகிறது. அவர் பிறைவடிவத் தலையணி போட்டு, உடம்பில் இருந்து கதிர் வீச நிற்கிறார். எதிரே ஒரு பறவை மனிதர். அவருக்குப் பின்னால், இரண்டு பெரிய இறகுக் கொத்து வைத்த தலையணியோடு ஒரு பெண். இது தெய்வங்களின் கதை என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

1987 பிப்ரவரியில், சிப்பான் கிராமத்து மண் மேட்டில் வாக்கேரோக்கள் ஒரு கல்லறையை உடைத்துத் தங்கத்தை அள்ளினார்கள். காவல்துறை தகவல் சொல்ல, தொல்லியலாளர் வால்தெர் ஆல்வா ஓடி வந்தார். மிஞ்சியதையாவது காப்பாற்ற அங்கேயே கூடாரம் போட்டு, காவல் வைத்து, தோண்டத் தொடங்கினார். முதலில் வந்தது தங்கம் இல்லை, பானைகள். ஒரு சிறு அறை நிறைய, 1,137 மண்பாண்டங்கள். அச்சில் எடுத்த எளிய ஜாடிகள். கைதிகள், வாத்தியக்காரர்கள், வீரர்கள் எனச் சேர்ந்தால் ஒரு திருவிழாக் கூட்டம். அதற்குப் பிறகு, பாதம் நீக்கப்பட்ட ஒரு காவலாளியின் எலும்புக்கூடு. அதற்கும் கீழே, உடையாத கல்லறையில் சிப்பான் பெருமகன். அவர்மேல் கிடந்த பிறைத் தலையணியும் காதணியும் இடுப்பணியும் ஓவியத்தில் கோப்பை வாங்குகிறவரின் கோலத்தோடு ஒன்றுக்கொன்று பொருந்தின. பக்கத்துக் கல்லறை ஒன்றில் பறவை மனிதரின் ஆந்தைத் தலையணியோடு இன்னொருவர். 1991இல் டானனும் லூயிஸ் ஹைமே கஸ்தீயோவும் சான் ஹோசே தெ மோரோவில் தோண்டிய கல்லறையில் ஒரு பெண். சவப்பெட்டியில் உலோகத்தில் செய்த இரண்டு பெரிய இறகுக் கொத்து, கூடவே நீண்ட கோப்பை.

கதை என்று நினைத்தது நடந்திருக்கிறது. மனிதர்கள் அந்த வேடத்தை ஏற்று, அந்தப் பெயரோடு வாழ்ந்து, அந்தக் கோலத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

இதை லம்பயேக்கே ஊரில் இருக்கும் அரச கல்லறைகள் அருங்காட்சியகத்தில் நின்று எழுதுகிறேன். 2002இல் திறந்தது, பழைய மண் பிரமிடின் வடிவத்தில் சிவப்புக் கட்டடம். நீண்ட சரிவுப் பாதையில் ஏறி உச்சி மாடியில் நுழைந்து, கீழே கீழே இறங்கிப் போக வேண்டும். அகழ்வாளர் இறங்கிய வழியிலேயே நம்மையும் இறக்குகிறார்கள். பாதி வழியில் அந்த ஜாடிகளின் கூட்டம் வரும். மக்கள் அதைச் சீக்கிரம் கடந்து தங்கத்துக்குப் போகிறார்கள். போகட்டும். ஆனால் அந்த ஜாடிகள் இருந்த இடத்திலேயே கிடைத்ததால்தான் அவை ஒரு கூட்டம் என்று நமக்குத் தெரிகிறது. திருடர் கைக்கு முதலில் போயிருந்தால், ஒவ்வொன்றும் ஒரு வரவேற்பறையில் தனியாக உட்கார்ந்து, 'வாத்தியக்காரர், எளிய வேலைப்பாடு' என்ற சீட்டோடு முடிந்திருக்கும். லீமாவில் பார்த்த ஆயிரக்கணக்கான முகங்களை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. அவற்றுக்குப் பக்கத்தில் இருந்தவர் யார் என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

கடைசித் தளத்தில் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். பெருமகனின் கழுத்து மாலை. மணிகள் எல்லாம் கடலைக்காய்! வலப்பக்கம் பத்து தங்கத்தில், இடப்பக்கம் பத்து வெள்ளியில். லீமாவின் மண் கடலைக்காயில் பார்த்த அதே தோட்டுக் கோடுகள், அதே இடுப்புச் சுருக்கம். உழவன் வயலில் பிடுங்கியதும், குயவர் அச்சில் எடுத்ததும், அரசன் மார்பில் போட்டதும் ஒரே காய். மண்ணுக்கு அடியில் போய்க் காய்க்கும் செடி அது. புதைத்தால் விளையும் என்று அவர்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான் ஊகிக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் 'அன்றாட வாழ்க்கை' என்று ஓர் அலமாரி, 'சடங்கு' என்று ஓர் அலமாரி வைத்தால், இந்தக் கடலைக்காயை எதில் வைப்பது?

நாள் 7: கத்தகாவோஸ்

இன்னும் வடக்கே, பியூரா. அதன் அருகில் கத்தகாவோஸ் என்ற சிற்றூர். வாசலில் வெள்ளைக் கொடி பறந்தால் அந்த வீட்டில் இன்று சிச்சா தயார் என்று அர்த்தம். முளைகட்டிய மக்காச்சோளத்தை உலர்த்தி, இடித்து, நெடுநேரம் காய்ச்சி, புளிக்க வைத்த பானம். பெரிய மண் ஜாடியில் இருந்து சுரைக்குடுக்கையால் மொண்டு, சுரை ஓட்டிலேயே கொடுத்தார்கள். லேசான புளிப்பு, சோளத்தின் வாசம், அடியில் கொஞ்சம் வண்டல். அந்த ஜாடியில் எந்தச் சித்திரமும் இல்லை. பருத்த வயிறு, குறுகிய வாய், புகை படிந்த அடிப்பாகம். எந்த அருங்காட்சியகத்திலும் முன்வரிசையில் வைக்கமாட்டார்கள். நான் அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்திரக் குடுவைகளில் ஊற்றப்பட்ட சிச்சா இப்படி ஒரு ஜாடியில்தான் புளித்திருக்க வேண்டும்.

நாள் 8: சுலுகானாஸ்

பியூராவில் இருந்து கிழக்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். சுலுகானாஸ் ஊரையும் தாண்டி லா என்கந்தாதா என்ற குயவர் சிற்றூர். ஒரு வீட்டு முற்றத்தில் வயதான அம்மா ஒருவர் வேலையில் இருந்தார். சக்கரம் இல்லை. பாதி உருவான பானையின் உள்ளே இடக்கையில் ஒரு உருண்டைக்கல், வெளியே வலக்கையில் ஒரு மரப்பலகை. தட், தட், தட். பானையைச் சுற்றி அவர் நகர்கிறார். நம் ஊரில் சக்கரத்தில் இருந்து இறக்கிய பானைக்கு அடி சேர்க்க இதே கல்லும் பலகையும்தான். இங்கே முழுப் பானையும் இந்தத் தட்டலிலேயே எழுகிறது.

வண்ணம் போடும் முறையைக் காட்டினார்கள். மெருகிட்டு ஒருமுறை சுட்ட பானையில், வேண்டிய இடத்தில் மட்டும் மண்குழம்பால் சித்திரம் எழுதி, மாவிலையைக் கொளுத்திப் புகை காட்டுவார்கள். புகை பட்ட இடம் கறுக்கும். மண்குழம்பை உரித்தால் அடியில் வெளிர் நிறத்தில் சித்திரம் நிற்கும். இதே பகுதியில் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த விக்கூஸ் மக்களின் பானைகளில் இந்த எதிர்மறை ஓவியம் உண்டு. கல்லறைகளில் இருந்து கிடைத்த அந்தப் பானைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கத்தியக் குயவர்கள் முறையை மீட்டார்கள். மாமரம் மட்டும் பழையது இல்லை. அது நம் பக்கத்து மண்ணில் இருந்து கடல் தாண்டி இங்கே வந்தது. "கடலையைக் கொடுத்தாங்க, மாங்கொட்டையை வாங்கிக்கிட்டாங்க" என்றாள் அக்கா. வழிகாட்டி அதை மொழிபெயர்த்ததும் அந்த அம்மா சிரித்து, பலகையை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா தட்டினாள். முதலில் பயந்து பயந்து. அந்த அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து, வெளியே அடிக்கும் அதே நொடியில் உள்ளே கல் எதிர்ப்பட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். ஐந்தாறு தட்டலில் சத்தம் மாறியது. பிறகு நான். என் பக்கம் கொஞ்சம் மெலிந்துவிட்டது. அவர் விரலை நனைத்து மண் ஒட்டிச் சரிசெய்தார். கழுத்தை நாளைக்கு ஏற்றுவாராம், அதுவரை வயிறு இறுக வேண்டும். நிழலில் காய்ந்து, மெருகேறி, சூளைக்குப் போக இன்னும் பல நாள். எங்கள் பேருந்து நான்கு மணிக்கு.

பானையை ஈரத்துணியால் மூடி, முற்றத்து மூலையில் மற்ற பானைகளோடு வைத்தார். அடியில் தன் விரலால் ஒரு சிறு கோடு இழுத்தார். எதற்கு என்று கேட்டோம். இது உங்கள் கை பட்டது, சுடும்போது எனக்குத் தெரிய வேண்டும் என்றார்.